எரிக் காண்டரைத் தோற்கடித்தது யார்? ஏழாவது தொகுதிக்காரன் ஒருவனின் பதில்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: 2014-இல் அமெரிக்காவில் எரிக் காண்டர் என்ற பெரிய தலைவரை, பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரிப் பேராசிரியர் சொந்தக் கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்துவிட்டாராம், டீ பார்ட்டி என்ற பழமைவாத இயக்கத்துத் தொண்டர்களின் வேலை என்கிறார்கள். அடிமட்டத் தொண்டனுக்கு அங்கே நிஜமாகவே அவ்வளவு பலம் உண்டா, இல்லை பின்னால் இருந்து பணக்காரர்கள் ஆட்டிவைக்கிறார்களா? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலைமை விரும்பிய வேட்பாளரைக் கீழே இருப்பவர்கள் மாற்ற முடியுமா என்பது ஒன்று. முடிந்தால், அந்தக் 'கீழே இருப்பவர்கள்' உண்மையில் யார் என்பது இன்னொன்று. நான் அரசியல் படித்தவன் இல்லை, பிழைப்புக்கு மென்பொருள் வேலை. ஆனால் நான் குடியிருப்பது காண்டரின் தொகுதியான வர்ஜீனியா மாநிலத்து ஏழாவது தொகுதியில் அன்று இருந்த, ரிச்மண்ட் நகரை ஒட்டிய ஹென்ரைக்கோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). குடியுரிமை வாங்கிய மறுவருடத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன், காண்டர் தோற்ற அன்றும் உட்கார்ந்திருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை வித்தியாசம். நம்மூரில் கட்சித் தலைமை கையெழுத்துப் போட்ட பி படிவம் கையில் இல்லையென்றால் வேட்பாளருக்குச் சின்னம் கிடையாது, கதை அங்கேயே முடிந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அந்த பி படிவத்தில் கையெழுத்துப் போடுவது வாக்காளர்தான். கட்சிப் பெரும்புள்ளிகள் அறைக்குள் உட்கார்ந்து ஆள் பொறுக்குகிறார்கள் என்று எரிச்சலடைந்து, நூறு வருடங்களுக்கு முன்னால் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலைச் சட்டமாகவே கொண்டுவந்தன. வர்ஜீனியாவில் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான பிரைமரியில் நிற்க, தொகுதியில் பதிவு செய்த வாக்காளர்கள் 1,000 பேரின் கையெழுத்தும் ஒரு கட்டணமும் போதும். கட்சித் தலைவருக்கு அந்த ஆளைப் பிடிக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ஜெயித்துவிட்டால் அவர்தான் கட்சி வேட்பாளர், தலைமை பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டியதுதான். அதிலும் வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சிப் பெயரே கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம்.

இப்போது 2014 ஜூன் 10-க்கு வருவோம். காண்டர் அப்போது பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியான குடியரசுக் கட்சியின் சபைத் தலைவர், அடுத்த சபாநாயகர் அவர்தான் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த ஆள். அந்தப் பதவி 1899-இல் உருவானதிலிருந்து அதில் இருந்த யாரும் பிரைமரியில் தோற்றதில்லை. எதிரே நின்ற டேவ் பிராட், ஆஷ்லேண்ட் என்ற சிற்றூரில் உள்ள ரேண்டால்ஃப்-மேகன் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். காண்டர் தரப்பின் கருத்துக்கணிப்பு காண்டர் 34 சதவீதப் புள்ளி முன்னிலையில் இருப்பதாகச் சொன்னது. முடிவு வந்தபோது பிராட் 36,105, காண்டர் 28,912. செலவுக் கணக்கு இன்னும் வேடிக்கை. காண்டர் தரப்பு அந்தத் தேர்தலுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் கரைத்திருந்தது. அதில் ஸ்டேக் எனும் மாட்டிறைச்சி உணவகங்களுக்குப் போனது மட்டும் சுமார் 1,68,000 டாலர். பிராட்டின் மொத்தச் செலவே மே மாதக் கடைசி நிலவரப்படி 1,23,000-க்குக் கொஞ்சம் குறைவு. (அந்த ஸ்டேக் கணக்கு வெறும் சாப்பாட்டுச் செலவு இல்லை, நன்கொடை திரட்டும் விருந்துகள் அப்படித்தான் நடக்கும். ஆனால் இந்தக் கணக்கைக் கேட்ட என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் ஏறவில்லை.)

அன்றைக்கு எங்கள் சாவடி ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம். காலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு, அலுவலர்கள் ஐந்துக்கே வந்துவிட வேண்டும். பிரைமரி நாள் என்றால் பொதுவாக நாங்கள் புத்தகம் கொண்டுபோவோம், நடைப்பயிற்சி முடித்த கையோடு வரும் பெரியவர்களைத் தவிர ஈ காக்கை இருக்காது. அன்று புத்தகத்தைத் திறக்க நேரமில்லை. மாலை ஐந்துக்கு மேல், வேலை முடிந்த கையோடு, தச்சு வேலைக்காரர் மாதிரி இடுப்பில் கருவிப் பட்டையோடு எல்லாம் ஆட்கள் வந்தார்கள். வாசலிலிருந்து 40 அடிக்குள் யாரும் பிரச்சாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். அந்தக் கோட்டுக்கு வெளியே காண்டரின் அச்சிட்ட பளபளப்புப் பலகைகள் வரிசையாக நட்டிருந்தன, பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. பிராட் பக்கம் பலகை குறைவு, ஆனால் மடக்கு நாற்காலி போட்டு இரண்டு பேர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த மாதிரி ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டு. எழுபது தாண்டிய அந்தப் பக்கத்து வீட்டு அம்மா அவர்களில் ஒருவர்.

அவர் மூலமாகத்தான் இதற்கு முந்தைய கதை எனக்குத் தெரியும், அசல் பதில் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வர்ஜீனியாவில் கட்சி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க கவுண்டி அளவில் பொதுக்கூட்டம் நடக்கும். நம்மூர் ஒன்றியக் கூட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், வந்து பெயரைப் பதிந்தால் யாரும் கையைத் தூக்கலாம். சாதாரணமாக நாற்பது பேர் வந்தால் பெரிது. 2014 வசந்தத்தில் காண்டருக்கு வேண்டியவர்கள் சில இடங்களில் ஒரு வித்தை செய்தார்கள், அதற்கு 'ஸ்லேட்டிங்' என்று பெயர். கூட்டத்தில் பெரும்பான்மை இருக்கும் தரப்பு, இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் என்று ஒரே தீர்மானத்தில் முடித்துவிடும். மற்றபடி பெயர் கொடுத்து, சனிக்கிழமை காலையைத் தொலைத்து வந்த அத்தனை பேரும் வெளியே. விதிப்படி இதில் தப்பில்லை. ஆனால் பத்து வருடமாகக் கட்சிக்கு வீடு வீடாகக் கதவு தட்டியவனை இப்படித் துரத்தினால் அவன் என்ன செய்வான்? அந்த அம்மா வேலியோரம் நின்று கோபத்தில் கை நடுங்கச் சொன்னது நினைவிருக்கிறது: கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்பதற்கே ஒரு மணி நேரம் சண்டையாம். எனக்கு அப்போது அற்பமாகப் பட்டது. யார் தலைமையோ அவர் சொல்வதுதான் விதி என்பது பிறகுதான் புரிந்தது. மே 10-ஆம் தேதி, பிரைமரிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஏழாவது தொகுதி மாநாடு எங்கள் ஹென்ரைக்கோவிலேயே நடந்தது. காண்டர் மேடையில் பேசும்போது கூச்சல் போட்டார்கள், தொகுதித் தலைவராக இருந்த அவருடைய ஆள் டீ பார்ட்டி ஆளிடம் தோற்றார். வாஷிங்டனில் இருந்தவர்கள் இதை ஒரு சின்ன உள்ளூர்ச் சலசலப்பு என்று விட்டுவிட்டார்கள்.

சரி, தோல்விக்கு எது காரணம்? இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் மறுநாளே ஆளுக்கொரு காரணம் அடித்துச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஒற்றைத் தொகுதிப் பிரைமரிக்கு வாக்களித்தவர்களை வாசலில் நிறுத்திக் கேட்கும் கணக்கெடுப்பு நடப்பதில்லை, ஆகவே காரணம் சொல்லும் யாரும் ஊகம்தான் செய்கிறார்கள், நான் உட்பட. குடியேற்றப் பிரச்சினைதான் என்பது பிரபலமான விளக்கம். பிராட் அதைத்தான் ஊர் ஊராகப் பேசினார், வானொலிப் பிரபலம் லாரா இங்க்ரஹாம் ஒரு வாரம் முன்னால் எங்கள் கவுண்டியின் க்ளென் ஆலனுக்கே வந்து அவருக்காகக் கூட்டத்தில் பேசினார். ஆனால் அதே ஜூன் 10 அன்று தெற்குக் கரோலினாவில், 2013 குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எழுதிய எட்டு செனட்டர்களில் (செனட் என்பது மேலவை) ஒருவரான குடியரசுக் கட்சியின் லிண்ட்ஸி கிரஹாம், ஆறு பேரை எதிர்த்து நின்று பாதிக்கு மேல் வாக்கு வாங்கி இரண்டாம் சுற்றே இல்லாமல் ஜெயித்தார். குடியேற்றம் ஒன்றே காரணம் என்றால் அவர் எப்படித் தப்பித்தார்? அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தார், காண்டரைத் தொகுதியில் பார்ப்பதே அபூர்வம், வந்தாலும் காவலர் படையோடு வருவார் என்பது இங்கே எல்லோரும் சொன்ன குறை. நான் அதற்குத்தான் கூடுதல் எடை கொடுப்பேன்.

இன்னொரு விளக்கம், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் உள்ளே புகுந்து கவிழ்த்துவிட்டார்கள் என்பது. 34 புள்ளி என்று சொன்ன கணிப்பாளருக்கு இது மிகவும் பிடித்த விளக்கம், அது இயல்புதானே. கொஞ்சம் பேர் வந்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் எண்ணைப் பாருங்கள். 2012 பிரைமரியில் காண்டர் வாங்கியது 37,369. 2014-இல் மொத்த வாக்கு 47,000-லிருந்து 65,000-ஆக ஏறியும் அவருடைய வாக்கு எட்டாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரன் உள்ளே வந்தால் பிராட்டின் வாக்கு ஏறும், காண்டரின் பழைய வாக்கு எப்படிக் குறையும்? அவருடைய சொந்த ஆட்களே போய்விட்டார்கள், அல்லது வீட்டில் இருந்துவிட்டார்கள். இது ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது.

அடுத்தது பணம். டீ பார்ட்டி மொத்தமும் பணக்காரர்களின் பொம்மலாட்டம் என்று ஒரு தரப்பு சொல்கிறது, மொத்தமும் தானாக முளைத்த புல் என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் நான் நம்பவில்லை. 2009 தொடக்கத்தில் ஒரு வணிகத் தொலைக்காட்சி விமர்சகர் அடமானக் கடன் உதவித் திட்டத்தை எதிர்த்து நேரலையில் கத்தியதிலிருந்து இது கிளம்பியபோது, ஃப்ரீடம்வொர்க்ஸ், அமெரிக்கன்ஸ் ஃபார் ப்ராஸ்பெரிட்டி போன்ற பசையுள்ள அமைப்புகள் பேருந்தும் பயிற்சியும் கொடுத்து ஏற்றிவிட்டன, அது உண்மை. ஆனால் மாதாமாதம் நூலகக் கூடத்தில் கூடி, மாநில விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்த பெரியவர்களை யாரும் காசு கொடுத்து உட்காரவைக்கவில்லை. எங்கள் தொகுதியில் நடந்ததே இதற்குச் சாட்சி: டீ பார்ட்டி பெயரில் கோடி கோடியாக வசூலித்த தேசிய அமைப்புகள் பிராட்டுக்காகக் கிட்டத்தட்ட எதுவுமே செலவழிக்கவில்லை. ஜெயிக்க மாட்டார் என்று நினைத்துவிட்டார்கள். ஜெயித்த இரவு அறிக்கை மட்டும் வரிசையாக வந்தது. பணத்துக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது வானொலி. காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் கட்டுப்படியாகாத நேரம் அது.

ஆகவே பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் பதில்: அறை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பலம். காண்டர் 2012 நவம்பரில் பொதுத்தேர்தலில் வாங்கியது 2.2 லட்சத்துக்கு மேல். ஏழு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள தொகுதியில் அவரை வீட்டுக்கு அனுப்ப 36,000 பேர் போதுமானதாக இருந்தது. இதைவிடச் சின்ன அறை வேண்டுமென்றால் யூட்டா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே கட்சி மாநாட்டில் முதல் இரண்டு இடத்துக்குள் வராதவர் பிரைமரிக்கே போக முடியாது என்ற ஏற்பாடு 2010-இல் இருந்தது, ஒருவரே 60 சதவீதம் வாங்கிவிட்டால் பிரைமரியே கிடையாது. மாநாட்டுப் பிரதிநிதிகள் சுமார் 3,500 பேர். அவர்களைத் தேர்ந்தெடுப்பது மார்ச் மாதத்தில் ஒரு மாலை, தெருத்தெருவாக நடக்கும் கிளைக் கூட்டங்கள். அந்த வருடம் அந்தக் கூட்டம் நடந்தது ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே மார்ச் 23. வழக்கமாக ஆள் தேடிப் பிடிக்க வேண்டிய கூட்டங்களில் அன்று உட்கார இடமில்லை. மே 8 மாநாட்டில், 18 வருடம் செனட்டராக இருந்த பாப் பென்னட்டை, பின்னாளில் ஜனாதிபதி வேட்பாளரான மிட் ராம்னியே மேடையேறிப் புகழ்ந்தும், இரண்டாம் சுற்றில் மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 2008-இல் வங்கிகளை மீட்கும் திட்டத்துக்கு அவர் வாக்களித்ததுதான் தீராத குற்றமாக இருந்தது. பிரதிநிதிகள் அந்தத் திட்டத்தின் TARP என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்தையே கோஷமாகப் போட்டார்கள். இறுதியில் பிரைமரியில் மைக் லீ என்ற வழக்கறிஞர் ஜெயித்து, இன்று வரை செனட்டர்.

இதே யூட்டாவில் எட்டு வருடம் கழித்து நடந்ததை நான் யார் கேட்டாலும் சொல்வேன். இடையில் 2014-இல் சட்டத்தை மாற்றி, போதுமான கையெழுத்து வாங்கினால் மாநாட்டில் தோற்றாலும் பிரைமரிக்கு நேராகப் போகலாம் என்று வழி திறந்துவிட்டிருந்தார்கள். 2018-இல் செனட்டுக்கு நின்ற ராம்னி, மாநாட்டில் மைக் கென்னடி என்ற மாநில சட்டமன்ற உறுப்பினரிடம் 49-க்கு 51 என்று பின்தங்கினார். ஜூனில் அதே கட்சி, அதே மாநிலம், அதே இரண்டு பேர், ஆனால் லட்சக்கணக்கான வாக்காளர்கள்: ராம்னிக்கு 71 சதவீதம். அடிமட்டம் என்று நாம் சொல்வதே இரண்டு அடுக்கு என்பது இதில் தெரியும். கூட்டத்துக்கு வருபவன் ஒரு ரகம், வாக்கு மட்டும் போடுபவன் வேறு ரகம். முதல் ரகத்துக்குக் கொள்கைப் பிடிப்பு அதிகம், எண்ணிக்கை குறைவு.

அறையின் கதவே பூட்டியிருந்தால்? 2009-இல் நியூயார்க்கின் 23-ஆவது தொகுதியில் இடைத்தேர்தல், அதற்குப் பிரைமரி கிடையாது, 11 கவுண்டிகளின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் கூடி டீடீ ஸ்கோஸாஃபாவா என்ற மிதவாதியை நிறுத்தினார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். பழமைவாதத் தொண்டர்கள் கொதித்தார்கள். நியூயார்க்கில் கன்சர்வேட்டிவ் கட்சி என்று தனியாக ஒரு சின்னக் கட்சி உண்டு, அதன் வேட்பாளரான டக் ஹாஃப்மன் என்ற கணக்காளர் பின்னால் எல்லோரும் திரண்டார்கள், 2008-இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சாரா பேலின் உட்பட. கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரான ஸ்கோஸாஃபாவா வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் விலகி, மறுநாள் ஜனநாயகக் கட்சிக்காரரை ஆதரித்தார்! பல தலைமுறைகளாகக் குடியரசுக் கட்சி மண்ணாக இருந்த அந்தப் பகுதியில் ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸ் 48-க்கு 46 என்று ஜெயித்தார். தொண்டர்கள் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை, இனிமேல் எங்களைக் கேட்காமல் ஆள் நிறுத்த மாட்டார்கள் என்றார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த வருடம் டெலவேரில் இதே பிடிவாதம், ஜெயிக்கும் நிலையில் இருந்த மிதவாதி மைக் காஸலைக் கழற்றிவிட்டு கிறிஸ்டின் ஓ'டானலை நிறுத்தி, கைக்கு எட்டிய செனட் இடத்தை 57-க்கு 40 என்று பறிகொடுக்க வைத்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இதெல்லாம் அபூர்வம்தான். 2014-இல் நாடு முழுக்கப் பிரைமரியில் தோற்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் டீ பார்ட்டி ஆதரவோடு வந்து, கட்சியின் பணக்காரத் தரப்பிடம் தோற்றவர். செனட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் பயம் எண்ணிக்கையில் தெரியாது. காண்டருக்கே இது நடக்கும் என்றால் எனக்கு நடக்காதா என்று மற்ற இருநூற்றுச் சொச்சம் பேர் அன்றிரவு யோசித்திருப்பார்கள். செனட் 68-32 என்று நிறைவேற்றிய அந்தக் குடியேற்ற மசோதா சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. காண்டர் தோல்விதான் அதைக் கொன்றது என்று எழுதுவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், அந்தப் பிப்ரவரியிலேயே சபாநாயகர் போனர் பின்வாங்கிவிட்டார். செத்துக்கொண்டிருந்ததைப் புதைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். பிராட் போய்ச் சேர்ந்த, சபையின் தீவிரப் பழமைவாத உறுப்பினர்களின் ஃப்ரீடம் காகஸ் குழு அடுத்த வருடமே போனரையும் பதவியை விட்டு ஓட வைத்தது, அதில் சந்தேகமில்லை.

பிராட் கதையின் மீதியையும் கேட்டுவிடுங்கள். 2017-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் பேச்சு வந்தபோது எங்கள் ஹென்ரைக்கோவிலும் பக்கத்துச் செஸ்டர்ஃபீல்டிலும் பெண்கள் சமையலறை மேசையைச் சுற்றிக் கூட ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அவரைத் துரத்திக் கேள்வி கேட்டார்கள், போகுமிடமெல்லாம் பெண்கள் விடுவதில்லை என்று அவரே புலம்பி மாட்டிக்கொண்டார். தொகுதிப் பக்கமே வருவதில்லை என்று காண்டரைச் சொன்ன குறையை அப்போது பிராட்டைப் பற்றிக் கேட்டேன். 2018 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் என்ற முன்னாள் உளவுத்துறை அதிகாரி அவரை ஏழாயிரத்துக்கும் குறைந்த வாக்கில் தோற்கடித்தார். அன்றும் நான் அதே உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா அதே மடக்கு நாற்காலியில், 40 அடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பிராட்டின் தாளோடு. இந்த முறை அவர் கையில் இருந்தது பளபளப்பாக அச்சிட்டது. எதிர் வரிசையில் நின்ற பெண்களிடம்தான் வீட்டுப் பிரிண்டர் தாள் இருந்தது.